இரண்டாம் மணி: ஓர் உபதேசியாரின் பதில்கள்

தேரிமண் ஊர் ஒன்றில் கத்தோலிக்கக் கோயிலில் சாமியாருக்குத் துணையாக 31 வருடம் உபதேசியாராக இருந்தேன். பூசைக்கு அடிக்கும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே அரை மணி நேரம் உண்டு. அப்போது கோயில் வாசல் வேம்படியில் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்காத ஆளில்லை. இப்போது அதே கேள்விகள் தபாலில் வருகின்றன.

என் மகனுக்கு பேக்கரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. சனிக்கிழமை சாயங்காலப் பூசை கண்டால் ஞாயிறு பூசைக் கடன் தீருமா? தீராது என்கிறார் என் மாமியார்.
*வாசகி, சாத்தான்குளம்*

தீரும். ஞாயிறு அன்றோ அதற்கு முந்தின நாள் மாலையிலோ பூசை கண்டால் போதும் என்று திருச்சபைச் சட்டம் 1248ஆம் விதியிலேயே இருக்கிறது. சனிக்கிழமை காலைப் பூசை மட்டும் கணக்கில் சேராது.

அதற்காக மாமியாரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். அவர் வளர்ந்த காலம் வேறு. அப்போதெல்லாம் நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) வாங்குகிறவர்கள் நடுச்சாமத்திலிருந்து பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் இருக்க வேண்டும். 1953இல் தண்ணீர் குடிக்கலாம் என்றார்கள், 1957இல் மூன்று மணி நேரம் போதும் என்றார்கள், 1964இல் அது ஒரு மணி நேரமானது. என் ஆச்சி கடைசி வரை நடுச்சாமக் கணக்கைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள். “பாப்பரசர் விட்டுட்டாரு, என் வயிறு விடமாட்டேங்குதே” என்பாள்.

என் கணவரின் முதலாண்டு நினைவுக்காகப் பூசைக்குப் பணம் கொடுத்தேன். அன்றைக்கு 14 பெயர் வாசித்தார்கள். அவர் பெயர் பதினொன்றாவதாக வந்தது. இது சரிதானா?
*வாசகி, வடக்கன்குளம்*

அம்மா, பதினொன்றாவது என்று எண்ணியிருக்கிறீர்களே, அதிலேயே உங்கள் மனசு தெரிகிறது.

ஒரு காணிக்கைக்கு ஒரு பூசை என்பதுதான் சட்டம். பல பேருடைய கருத்துகளை, அதாவது யாருக்காக, எதற்காக என்ற வேண்டுதல்களை, சேர்த்து ஒரே பூசை வைப்பதற்கு 1991இல் ரோமையிலிருந்து தனி ஒழுங்கு வந்தது, 2025இல் அது புதுப்பிக்கப்பட்டது. கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே சொல்லி அவர்கள் சம்மதிக்க வேண்டும். எங்கே, எத்தனை மணிக்கு என்று அறிவிக்க வேண்டும் என்றும், வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அப்படி வைக்கக்கூடாது என்றும் 1991 ஒழுங்கில் இருந்தது. சாமியார் ஒரு பூசைக்கான காணிக்கையை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஆயர் (பிஷப்) சொல்லும் காரியத்துக்கு அனுப்பிவிட வேண்டும். உங்களிடம் கேட்காமல் சேர்த்திருந்தால் அது தப்புதான். அடுத்த முறை பணம் கொடுக்கும்போதே “தனிக் கருத்தா, கூட்டுக் கருத்தா?” என்று கேளுங்கள். வருத்தப்பட அதில் ஒன்றுமில்லை. காசில்லாதவர் கேட்டாலும் அவர் கருத்துக்காகப் பூசை வையுங்கள் என்று குருக்களுக்கு அதே சட்டம்தான் சொல்கிறது.

இந்தக் கருத்துகளை எழுதி வைக்க ஒவ்வொரு பங்கிலும் (ஒரு சாமியாரின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்திலும்) ஒரு புத்தகம் இருக்க வேண்டும். எங்கள் பங்கில் இருந்தது பச்சை அட்டை போட்ட நீள நோட்டு. பேனா காணாமல் போகாமலிருக்க அதையும் நூலால் கட்டித் தொங்கவிட்டிருப்போம். பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் நன்றிப் பூசை, வலப்பக்கம் இறந்தோர். ஒரு மார்கழி மாதம், காலை ஐந்தரைப் பூசை. கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை நோட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டு வாசித்ததில் ஒரு பெயர் கோடு தாண்டிவிட்டது. “ஆன்ம இளைப்பாற்றிக்காக” என்று நான் வாசித்த ஆள் மூன்றாவது வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்! பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி எட்டிப் பார்க்கிறார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்கு நன்றி சொல்லக் கொடுத்த பூசை அது. முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார். “அண்ணாச்சி, மூணு மாசம் ஆஸ்பத்திரியில கெடந்தும் போகாத உயிரை ஒரே வாசிப்புல அனுப்பிட்டியளே!”

அன்றிலிருந்து இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னதாக ஒரு சிலுவை போட ஆரம்பித்தேன்.

நான் இந்து. தோழியின் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை என்று கோயிலுக்கு அழைத்திருக்கிறார்கள். எங்கே உட்கார, எப்போது எழுந்திருக்க?
*வாசகி, திசையன்விளை*

தாராளமாகப் போங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். கிராமத்துக் கோயில் என்றால் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் இருப்பார்கள். பக்கத்தில் இருப்பவர் எழுந்தால் எழுந்திருங்கள், உட்கார்ந்தால் உட்காருங்கள். முழங்கால் போட முடியாவிட்டால் சும்மா இருங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சமாதானம் சொல்லும் நேரம் வந்தால் கைகூப்பினால் போதும்.

தரையில் உட்காருவது, செருப்பைக் கழற்றுவது, கைகூப்பிச் சமாதானம் சொல்வது எல்லாம் 1969இல் இந்திய ஆயர்கள் கேட்டு ரோமை ஒத்துக்கொண்ட 12 மாற்றங்களில் வருகிறவை. எங்கள் ஊரில் அனுமதி வருவதற்கு முந்தியே தரையில்தான் உட்கார்ந்தோம். பெஞ்சு வாங்க யாரிடம் காசிருந்தது?

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நற்கருணை வாங்க வரிசை போகும்போது நீங்கள் போக வேண்டாம். அது பிரசாதம் மாதிரி எல்லாருக்கும் கொடுப்பதில்லை. எங்களுக்கு அது கிறிஸ்துவின் உடல். உங்களைத் தள்ளி வைப்பதாக நினைக்காதீர்கள். பாவசங்கீர்த்தனம் (சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது) செய்யாத எங்கள் ஆட்கள் பல பேரும் அப்போது இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் அன்பியத்தில் (அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் முறை வைத்து வீட்டில் கூடும் ஜெபக் குழுவில்) 28 குடும்பங்கள். கூட்டத்துக்கு வருவது ஏழெட்டுப் பெண்கள்தான். ஒரு வீட்டில் பஜ்ஜி போட்டால் அடுத்த வீட்டில் பிரியாணி. வசதி இல்லாதவர்கள் தங்கள் முறை வரும்போது வீட்டைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.
*அன்பியப் பொறுப்பாளர், கோவில்பட்டி*

முதலில் பிரியாணியை நிறுத்துங்கள். ஜெபம் அப்புறம்.

எங்கள் அன்பியத்திலும் இதே கதைதான். கணவனை இழந்த ஒரு அம்மா, பனை ஓலைப் பெட்டி முடைந்து பிழைக்கிறவர், அவர் முறை வந்த இரண்டு தடவையும் கதவில் பூட்டு. மூன்றாவது தடவை முந்தின நாளே போய் விசாரித்தேன். “பத்துப் பேரு உக்கார நாற்காலி இல்லய்யா, வடை சுட எண்ணெயும் இல்ல” என்றார். அந்த வாரமே ஒரு சட்டம் போட்டோம்: எந்த வீடானாலும் கருப்பட்டிக் காப்பி மட்டும், உட்காரும் பாயை அவரவர் கொண்டுவர வேண்டும். வசதியான வீட்டுக்காரர் ஒருவர் முகம் சுளித்தார். தை மாதம் பனங்கிழங்கு அவித்து வைத்துவிட்டு “இது பலகாரம் இல்லையே” என்று வாதாடினார். சரி, கிழங்குக்கு மட்டும் விலக்கு கொடுத்தோம்.

ஆண்கள் வராததற்கு முக்கால்வாசிக் காரணம் நேரம். ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் வேலை முடிந்து வருகிறவன் குளிப்பானா, ஜெபிப்பானா? எட்டரைக்கு மாற்றினோம், நாலு பேர் வந்தார்கள். நாற்பது என்று எழுத ஆசைதான்.

வரும் ஞாயிறின் நற்செய்தியை வாசியுங்கள். மத்தேயு, மாற்கு, லூக்கா என்று மூன்று வருடத்தில் ஒரு சுற்று வந்துவிடும். யோவானும் இடையிடையே வருவார். முன்கூட்டியே வாசித்துப் பேசிவிட்டு ஞாயிறு பிரசங்கம் கேட்கிறவர்கள், சாமியார் எங்கே சறுக்கினார் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். சில சாமியார்களுக்கு அது பிடிக்காது.

கடைசியில் காப்பி குடிக்கும்போது, யார் யார் வரவில்லை என்று ஒரு தடவை பெயர் சொல்லிப் பாருங்கள். புறணி பேச அல்ல. மறுநாள் காலையில் ஒருவர் அந்த வீட்டுப் பக்கம் போய்வர. ஒரு பெரியவர் மூன்று நாள் காய்ச்சலோடு தனியாகக் கிடந்தது எங்களுக்குத் தெரிய வந்தது இப்படித்தான்.

பாடகர் குழுவின் கீபோர்டு சத்தத்தில் பாட்டே கேட்கவில்லை.
*வாசகர், தூத்துக்குடி*

உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின தவக்காலம் வரை பொறுங்கள். அப்போது வாத்தியம் பாட்டைத் தாங்கிப் பிடிக்க மட்டும்தான் வாசிக்க வேண்டும் என்பது விதி. அது தொடங்கும் சாம்பல் புதனன்று பாடகர் குழுத் தலைவரிடம் பணிவாக ஞாபகப்படுத்துங்கள். உயிர்ப்பு ஞாயிறன்று மறுபடி காதைப் பொத்திக்கொள்ளலாம்.

திருவிழா வரவு செலவை இரண்டு வருடமாக எங்கள் பங்கில் வாசிக்கவில்லை. கேட்டால் விசுவாசம் இல்லாதவன் என்கிறார்கள்.
*பெயர் வேண்டாம்*

கணக்குக் கேட்பதும் விசுவாசத்தோடு சேர்ந்ததுதான். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு கட்டாயம் இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 537ஆம் விதி. மக்கள் கொடுத்த காணிக்கைக்கு மக்களிடமே கணக்குச் சொல்ல வேண்டும் என்கிறது 1287ஆம் விதி. கொடியேற்ற நேரத்தில் கூட்டத்துக்கு நடுவே கேட்காதீர்கள், அது சண்டையில்தான் முடியும். பங்குப் பேரவையில் எழுத்தில் கொடுங்கள். பதில் வராவிட்டால் பல பங்குகளுக்குப் பொறுப்பான மறைவட்ட அதிபரிடமும், அதற்கு மேல் ஆயர் இல்லத்திலும் கொடுக்கலாம். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 84 வயது. நடக்க முடியாது. டிவியில் பூசை பார்த்தால் போதுமா என்று அழுகிறார்.
*வாசகர், நாகர்கோவில்*

முடியாதவர்களுக்குக் கடன் கிடையாது, அதை முதலில் சொல்லுங்கள். டிவி பார்க்கட்டும், ஆனால் டிவி நன்மை கொடுக்காதே. பங்கில் பெயர் கொடுத்தால் சாமியாரோ நற்கருணைப் பணியாளரோ வீட்டுக்கே கொண்டுவருவார்கள். பல ஊர்களில் முதல் வெள்ளிக்கிழமையன்று போவது வழக்கம். ஒரு ஸ்டூலில் வெள்ளைத் துணி விரித்து, சிலுவை, மெழுகுவர்த்தி, ஒரு டம்ளர் தண்ணீர், ஸ்பூன் வைத்துவிடுங்கள். வயதானவர்களுக்கு அப்பம் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும்.

நானும் சாமியாரோடு வருடக்கணக்காக இப்படிப் போயிருக்கிறேன். எங்கள் தெருவில் படுக்கையில் கிடந்த ஒரு பாட்டி, நன்மை வாங்கித் தண்ணீரையும் விழுங்கிவிட்டு, சாமியார் படி இறங்கியதும் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“தூணுக்குப் பக்கத்துல, என் இடத்துல இப்ப யாரு உக்காருறா?”

“யாரும் உக்காரல பாட்டி, காலியாத்தான் கெடக்கு” என்றேன். அது உண்மைதான்.