60 வாக்கு 51 ஆன கதை: கேள்வி பதில்

அமெரிக்காவில் அதிபர் முன்மொழியும் நீதிபதிகளை நாடாளுமன்ற மேலவையான செனட்தான் உறுதிசெய்ய வேண்டும். அங்கே நீதிபதி நியமனம் என்றாலே ஏன் அடிதடி, ஃபிலிபஸ்டருக்கு (விவாதத்தை முடியவிடாமல் இழுத்து வாக்கெடுப்பைத் தடுக்கும் உத்தி) அதில் என்ன வேலை என்று பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: ஃபிலிபஸ்டர் என்றால் விடிய விடிய நின்று பேசுவதுதானே?

முன்பு அப்படித்தான். 1957இல் குடிமை உரிமைச் சட்டத்தை எதிர்த்து செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்ட் 24 மணி 18 நிமிடம் பேசினார். சட்டம் என்னவோ நிறைவேறிவிட்டது. இப்போது தொண்டை வறள வேண்டியதில்லை. விவாதத்தை முடிக்க 100 பேரில் 60 பேர் வேண்டும். 41 பேர் ஒத்துவராவிட்டால் மசோதா கிடப்பில்தான்.

கேள்வி: அந்த 60 அரசியல் சாசனத்தில் இருக்கிறதா?

இல்லை. செனட் தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. 1917இல் மூன்றில் இரண்டு பங்கு, 1975இல் ஐந்தில் மூன்று.

கேள்வி: அப்படியானால் நீதிபதிகளுக்கு மட்டும் விதியைத் திருத்தினார்களா?

ருசியான இடம் இதுதான். திருத்தவே இல்லை! விதியைத் திருத்தும் விவாதத்தை முடிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், அதற்கு எங்கே போவது? 2013 நவம்பர் 21 அன்று செனட் பெரும்பான்மைத் தலைவரான ஜனநாயகக் கட்சியின் ஹாரி ரீட் எழுந்து, உச்ச நீதிமன்றம் தவிர மற்ற நியமனங்களில் விவாதத்தை முடிக்கச் சாதாரணப் பெரும்பான்மை (100இல் 51) போதும் என்றார். தலைமை வகித்தவர் செல்லாது என்றார். ரீட் முறையிட்டார். முறையீட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதுமே! தலைமையின் தீர்ப்பு தவறு என்று 52 பேர் வாக்களிக்க, அதுவே முன்னுதாரணமாகிவிட்டது. ஏட்டில் இன்றும் ஐந்தில் மூன்றுதான். இந்தக் குறுக்கு வழிக்குத்தான் நியூக்ளியர் ஆப்ஷன் என்று பெயர். ரீடின் கட்சியிலேயே 3 பேர் இதை எதிர்த்தார்கள்.

கேள்வி: ஆக, ஆரம்பித்தது ஜனநாயகக் கட்சி?

ஒபாமா வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த 3 பேரைக் குடியரசுக் கட்சி மறித்ததால்தான் ரீட் அதைச் செய்தார். சரி, அதற்கு முன்? அதிபர் புஷ் நீதிபதியாக முன்மொழிந்த மிகேல் எஸ்ட்ராடாவை 2003இல் மறித்தது ஜனநாயகக் கட்சி. அப்போது இதே ஆயுதத்தைக் காட்டி மிரட்டியது குடியரசுக் கட்சி. 2005இல் பக்கத்துக்கு 7 செனட்டர்கள் சேர்ந்து சமரசம் செய்தார்கள். பெரும்பான்மையில் இருந்தால் ஃபிலிபஸ்டர் முட்டுக்கட்டை, சிறுபான்மைக்கு வந்தால் அதுவே உரிமைக் கவசம். இரு கட்சியும் இதில் ஒரே குட்டையில் ஊறியவைதான்.

கேள்வி: மெரிக் கார்லண்டை ஃபிலிபஸ்டர் செய்துதானே தடுத்தார்கள்?

நிறையப் பேர் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். 2016இல் உச்ச நீதிமன்ற நீதிபதி ஸ்கேலியா இறந்தபோது, அவர் இடத்துக்கு ஒபாமா முன்மொழிந்தவர் கார்லண்ட். செனட் அப்போது குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அதிபர் தேர்தல் ஆண்டு என்று சொல்லி அக்கட்சியின் செனட் தலைவர் மிட்ச் மெக்கானல் விசாரணையே வைக்கவில்லை. 293 நாள் காத்திருந்து நியமனம் காலாவதியானது. பெரும்பான்மைக்கு ஃபிலிபஸ்டர் எதற்கு? கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும்.

ஃபிலிபஸ்டர் வந்தது அடுத்த ஆண்டு, அதே இடத்துக்கு டிரம்ப் முன்மொழிந்த நீல் கோர்சச் விஷயத்தில். மெக்கானல் ரீடின் வழியையே உச்ச நீதிமன்றத்துக்கும் நீட்டி, 54-45இல் முடித்தார். அப்புறம் 2020இல் தேர்தலுக்கு 8 நாள் முன்பு டிரம்ப் முன்மொழிந்த எமி கோனி பாரெட் உச்ச நீதிமன்றத்துக்கு உறுதியானார், 52-48. அப்போது மட்டும் தேர்தல் ஆண்டு தடையில்லையா என்றால், அதிபரும் செனட்டும் ஒரே கட்சி என்பதால் இது வேறு என்றார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. இதே ஸ்கேலியா 1986இல் 98-0 என்று உறுதியானவர் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: மசோதாக்களுக்கும் 60 போய்விடுமா?

2022 ஜனவரியில் வாக்குரிமை மசோதாவுக்காக ஜனநாயகக் கட்சி முயன்றது. ஜோ மேன்சினும் கிர்ஸ்டன் சினிமாவும் (ஆமாம், பெயரே அதுதான்) சொந்தக் கட்சிக்கு எதிராக நிற்க, 48-52இல் தோற்றது.