காய்ச்சலும் பாய்ச்சலும்

கேள்வி: எனக்கு வயது 36. வீடு ஈரோட்டில், வேலை திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவில். தினமும் ரயிலில் போய் வருகிறேன். போன ஆகஸ்டில் புத்தகத் திருவிழாவில் கை நிறையப் புத்தகம் வாங்கினேன். அந்தச் சூட்டோடு, தோழிகள் சேர்ந்து நடத்திய வாசிப்பு மாரத்தானில் பெயர் கொடுத்தேன். 100 நாளில் 10,000 பக்கம். ராத்திரி படுக்கும் முன் அன்றைய பக்கக் கணக்கை வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். முடித்துவிட்டேன், 41 புத்தகம். ஒரு நாள் அத்தை (என் மாமியார்) தட்டைப்பயறு உரித்துக்கொண்டே, "இத்தனை படிச்சியே, அதுல ஒன்னு சொல்லு கண்ணு" என்றார். எனக்கு வாய் வரவில்லை. எந்தக் கதை எந்தப் புத்தகம் என்றே குழம்பிவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்து தினமும் எழுதிவந்த நோட்டும் அந்த 100 நாளில் நின்றுபோனது. முன்பெல்லாம் சாயங்காலம் மாடிப்படியில் டீ டம்ளரோடு சும்மா உட்கார்ந்திருப்பேன். இப்போது உட்கார்ந்தால், பதினைந்து பக்கம் போச்சே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அடுத்த மாரத்தான் வருகிறது. சேரட்டுமா, விட்டுவிடட்டுமா? நோட்டை மறுபடி எப்படி எடுப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு

பதில்:

அன்புத் தங்கைக்கு,

நீங்கள் கணக்கு எழுதுகிறவர். அதனால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். 100 நாளில் 10,000 பக்கம் என்றால் நாளுக்கு 100. எனக்கு ஒரு பக்கம் படிக்க ஒன்றரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் ஆகும். உங்களுக்கும் ஏறக்குறைய அப்படித்தான் என்று வைத்துக்கொண்டால், தினமும் இரண்டரை மணியிலிருந்து மூன்று மணி இருபது நிமிடம் வரை படிப்புக்கே போயிருக்கிறது. ரயிலில் போக ஒரு மணி, வர ஒரு மணி. அதுவும் உட்கார இடம் கிடைத்தால்தான். பெருந்துறை வரைக்கும் ஒற்றைக் காலில் நிற்கிற நாளில் புத்தகத்தை எங்கே பிரிப்பது? ஆக, மீதி நேரத்தை எங்கிருந்தோ எடுத்திருக்கிறீர்கள். தூக்கத்திலிருந்து கொஞ்சம், நோட்டிலிருந்து கொஞ்சம், மாடிப்படியிலிருந்து மிச்சம். உங்கள் கடிதத்திலேயே வரவும் செலவும் இரண்டும் இருக்கின்றன.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு, 100 நாள் விடாமல் படித்தது பெரிய காரியம். கைபேசியைக் கீழே வைக்க முடியாமல் தவிக்கிற எத்தனையோ பேருக்கு, பக்கத்தில் நாலு பேர் கூட ஓடுகிறார்கள் என்ற நினைப்புத்தான் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறது. அந்த வகையில் மாரத்தான் நல்ல பழக்கம். ஆனால் படித்தது நிற்க வேண்டுமானால் அதற்கு வேறு ஒன்றும் தேவைப்படுகிறது. அதை நான் என் அம்மாவிடம்தான் பார்த்தேன்.

அம்மாவின் ஊர் அறச்சலூர் பக்கம். எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. 'பொன்னியின் செல்வன்' கல்கியில் தொடராக வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. 1950-இல் தொடங்கி 1954-இல் முடிந்த தொடர் அது, மூன்றரை வருடம் ஓடியது. ஊரில் வாத்தியார் வீட்டுக்கு மட்டும்தான் பத்திரிகை வரும். சாயங்காலம் திண்ணையில் ஜமுக்காளத்தை விரித்து, பக்கத்து வீட்டுப் பெண்களெல்லாம் கூடி உட்கார, பெரியவளாக ஒருத்தி சத்தம் போட்டுப் படிப்பாளாம். அரைமணி நேரத்தில் அந்த வாரத்துப் பகுதி முடிந்துவிடும். அப்புறம் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரமும் காட்டில் களை வெட்டும்போது அதே பேச்சு. நந்தினி யார் பெற்ற பிள்ளை என்று வரப்பில் நின்று சண்டையே போட்டிருக்கிறார்கள். வாத்தியார் வீட்டில் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, மணியம் வரைந்த படங்களும் விளம்பரங்களும் அப்படியே இருக்க, பைண்டு செய்து வைத்திருந்தார்கள்.

நான் அதையே ஒன்பது நாளில் படித்தேன். கல்லூரியில் முழு ஆண்டுத் தேர்வு முடிந்த விடுமுறை. நூலகத்திலிருந்து ஐந்து பாகத்தையும் எடுத்து வந்து, சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துப் படித்தேன். அந்த ஒன்பது நாளின் வேகமும் கிறக்கமும் இன்னும் நினைவிருக்கிறது. கதைதான் அங்கங்கே நூலறுந்து கிடக்கிறது. அம்மாவோ 78 வயதில்கூட வரிசை பிசகாமல் சொல்வார். பூங்குழலி படகு விடுகிற இடம் வந்தால் மடியில் கிடக்கும் கை தானாகத் துடுப்புப் போடும். சொல்கிறவருக்கு அது தெரியாது, பார்க்கிற எங்களுக்குத்தான் தெரியும். ஒரே புத்தகம். அவருக்கு மூன்றரை வருடம், எனக்கு ஒன்பது நாள்.

மறதியைப் பற்றி ஹெர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் தன்னையே வைத்துச் சோதனை செய்திருக்கிறார். பொருளில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எத்தனை மணி நேரத்தில் எவ்வளவு மறந்துபோகிறது என்று குறித்து வைத்து 1885-இல் புத்தகமாக வெளியிட்டார். படித்ததில் பெரும்பகுதி முதல் ஒரு நாளுக்குள்ளேயே நழுவிவிடுகிறது, அப்புறம் நழுவுவது மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஒரே மூச்சில் உருப்போடுவதைவிட நாள் விட்டு நாள் திரும்பப் பார்த்தால் கூடுதலாக நிற்கிறது என்பதும் அவருக்குத் தெரிந்தது. நம் காட்டில் இதையே காய்ச்சலும் பாய்ச்சலும் என்பார்கள். கீழ்பவானி வாய்க்காலில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி நெல்லுக்குத் திறக்கிற தண்ணீர் விடாமல் ஓடும். தை மாதவாக்கில் கடலைக்கும் எள்ளுக்கும் திறக்கிறார்களே, அது அப்படியில்லை. சில நாள் விட்டு, சில நாள் நிறுத்தி, நனைப்பு நனைப்பாகத்தான் விடுவார்கள். பாய்ந்த தண்ணீர் இறங்கி, மேல்மண் காய்ந்து, வேர் கீழே தேடிப் போக வேண்டும். தொடர்ந்து நின்றால் கடலை அழுகிவிடும். உங்கள் 100 நாளும் ஒரே பாய்ச்சல். காய்ச்சலுக்கு ஒரு நாள்கூட விடவில்லை.

சரி, நோட்டுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது அது நின்றுபோனதுதான்.

அம்மா போன பிறகு அலமாரியை ஒழித்தபோது அவருடைய பால் கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. சாதாரண 80 பக்க நோட்டு. கைக்கோடு போட்டு, தேதி, காலை, மாலை என்று மூன்று கட்டம். சொசைட்டிக்கு ஊற்றிய பால் லிட்டர் கணக்கில். காலை 4, மாலை 3¼. காலை 3¾, மாலை 3. இப்படியே பக்கம் பக்கமாகப் போகும். அந்தக் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலில் பொடி எழுத்தாக இடையிடையே ஒரு வரி இருக்கும். "செவலை கன்னு போட்டது, கிடாரி." "மழை. புளியமரத்துக் கிளை ஒடிஞ்சுது." "தங்கச்சி வந்துட்டுப் போனா." ஒரு நாள் மாலைப் பால் இரண்டே லிட்டர், பக்கத்தில், "இன்னைக்கு நிலா நல்லா இருந்துது" என்று எழுதியிருக்கிறார். அந்த வரியை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பால் குறைந்த நாளில் தலை நிமிர்ந்து நிலாவைப் பார்த்திருக்கிறார், பார்த்ததை எழுத வேண்டும் என்றும் தோன்றியிருக்கிறது. எங்கள் வீட்டுச் சொத்து என்று நான் நினைப்பது அந்த நோட்டைத்தான்.

புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இலிருந்து 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். பெரிய போர்களோடு கூடவே எந்தக் கப்பல் வந்தது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள் என்பதெல்லாம் அதில் உண்டு. அந்த அன்றாடப் பேச்சுக்காகத்தான் இன்றைக்கும் அதைத் தேடிப் படிக்கிறார்கள். நாளைக்கு யாருக்கு உதவும் என்று பார்த்தெல்லாம் நாம் எழுத வேண்டியதில்லை. அன்றைய நாள் நமக்கு நடந்தது என்பதற்கு ஒரு வரி இருந்தால் போதும்.

மறுபடி தொடங்குவதற்கு இரண்டு மூன்று விஷயம் சொல்கிறேன். விட்டுப்போன மாதங்களை நிரப்ப உட்காராதீர்கள். அப்படி உட்கார்ந்தவர்கள் மூன்றாம் நாள் நோட்டை மூடிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். இன்றைய தேதி போட்டு இன்றிலிருந்து எழுதுங்கள். ராத்திரி எழுதுவது உங்களுக்குச் சரிவராது, அந்த நேரம் இப்போது பக்கக் கணக்குக்குப் பழகிவிட்டது. திருப்பூர் ஸ்டேஷனில் திரும்பி வரும் ரயிலுக்காக நிற்கிறீர்களே, அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பையில் அடங்குகிற சின்ன நோட்டு, மூன்று வரிக்கு மேல் வேண்டாம். படித்த புத்தகத்தைப் பற்றி விமர்சனம் எழுதப் போகாதீர்கள். எந்த இடத்தில் நிமிர்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள் என்பதை மட்டும் குறித்து வையுங்கள். "விஜயமங்கலம் தாண்டும்போது, அந்த அப்பா கதவைத் தட்டாமல் திரும்பிப் போகும் இடம்" என்று எழுதினால், ஆறு மாதம் கழித்து அந்த ஒரு வரியே முழுக் கதையையும் இழுத்துக்கொண்டு வரும். ஊரோடும் வெயிலோடும் சேர்ந்து மனசில் விழுந்தது லேசில் போகாது.

டீயைப் பற்றி என் கருத்து கறாரானது. அந்தப் பத்து நிமிடம் புத்தகத்தைக் கையில் எடுக்கவே கூடாது. கைபேசியும் வேண்டாம். கூடை நிறைய மல்லிகை வைத்துக்கொண்டு போகிறவர், எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம், வேப்பமரத்தில் வந்து அடையும் காக்கைகள், ஆவி போய்க் கைக்கு இதமாகிவிட்ட டம்ளர். எட்டு மணி நேரம் பில்லும் வவுச்சரும் பார்த்த கண்ணுக்கு அது வேண்டும். காலையில் ரயிலில் படித்தது அப்போதுதான் உள்ளே இறங்கும். நான் மேலே சொன்ன காய்ச்சல் உங்களுக்கு மாடிப்படியில் நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டு, கால் நீட்டிப் படுத்து, ஏதோ ஒரு பக்கத்தில் விரல் வைத்தபடியே தூங்கிப் போவதும் இதில் சேர்த்தி. பக்கம் போச்சே என்று வருந்தாதீர்கள். அது அங்கேயேதான் இருக்கும்.

அடுத்த மாரத்தானில் சேரலாமா என்றால், சேருங்கள், ஆனால் உங்கள் தோழிகளிடம் இரண்டு மாற்றம் கேட்டுப் பாருங்கள். 100 நாளை 20 நாளாக்குங்கள், பொங்கல் விடுமுறையையும் சேர்த்து வருகிற மாதிரி. ராத்திரி பக்க எண்ணுக்குப் பதிலாக அன்று படித்ததிலிருந்து ஒரு வரி போடுங்கள். ஒப்புக்கொள்ளவில்லையென்றால் இந்த முறை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 41 புத்தகத்தையும் பரப்பி வைத்து, அட்டையைப் பார்த்ததும் எது கையை இழுக்கிறதோ அதை மட்டும் எடுத்து மறுபடி படியுங்கள். புதிதாக வாங்குவதைக் கொஞ்சம் தள்ளிப் போட்டு நூலகத்துக்கும் போய் வாருங்கள். 1948-இல் வந்த சட்டப்படி வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம், நூற்றுக்குப் பத்து. ஆகஸ்ட் திருவிழாவையும் விட்டுவிடாதீர்கள். 2005-இலிருந்து ஈரோட்டில் நடந்துவரும் அந்தத் திருவிழாவில் புத்தகக் கடைகளுக்கு இணையாக மாலைச் சொற்பொழிவுக்கும் கூட்டம் வரும். ஒரு நாளாவது வாங்காமல், கேட்பதற்கு மட்டும் போங்கள். அத்தையையும் கூட்டிப் போங்கள்.

அவர் கேட்டதை நீங்கள் பரீட்சையாக எடுத்துக்கொண்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். பயறு உரிக்கிற நேரத்துக்குப் பேச்சுத் துணையாக அவர் ஒரு கதை கேட்டார், அவ்வளவுதான். மறுபடி படிக்க எடுத்த அந்தப் புத்தகத்தை, தினமும் ரயிலில் எதுவரை படித்தீர்களோ அதுவரை மட்டும் சாயங்காலம் அவருக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களும் ரெண்டு கை உரித்துக்கொண்டே சொல்லலாம். பெயர்கள் மறந்தால் "அந்தப் பையன்", "அந்த மூத்தவள்" என்று சொன்னாலும் கதை நடக்கும். நடுவில் நிற்க வேண்டி வந்தால் நிறுத்திவிடுங்கள். அடுத்த நாள் நீங்கள் செருப்பைக் கழற்றும்போதே, "அப்புறம் அந்தப் பிள்ளை என்னாச்சு கண்ணு?" என்று அவரே கேட்பார்.