சளியில் 'ஏட்டிபிகல் செல்' என்றால் புற்றுநோயா?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது, முப்பது வருடப் பீடிப் பழக்கம். இரண்டு மாதமாக இருமல், ஒருமுறை சளியில் ரத்தக் கீற்று. சளிப் பரிசோதனை ரிப்போர்ட்டில் 'ஏட்டிபிகல் செல்கள் உள்ளன' என்று போட்டிருக்கிறார்கள். எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லையாம். இது ஆரம்ப நிலைப் புற்றுநோயா?
- பெயர் வேண்டாம், திருச்சி

பதில்: அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஆமாம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. செல் சரியாக இல்லை, ஆனால் புற்றுநோய் என்று கையெழுத்துப் போடும் அளவுக்கும் போகவில்லை, அவ்வளவுதான்.

சளியைத் தடவிய கண்ணாடித் தகட்டில் (ஸ்லைடு) பேத்தாலஜிஸ்ட், அதாவது செல்களைப் பார்த்து நோயைச் சொல்லும் மருத்துவர், முதலில் பார்ப்பது உட்கருவைத்தான். நல்ல செல்லில் அது அளவாக, விளிம்பு வழவழவென்று இருக்கும். புற்றுச் செல்லில் அது பெருத்து, செல்லையே அடைத்துக்கொண்டு, சாயம் ஏறிக் கருத்துப்போய், விளிம்பு கோணல்மாணலாக, பக்கத்துச் செல்லோடு அளவே ஒத்துப்போகாமல் கிடக்கும். செல்லுக்கு நிறமேற்றும் பாப் சாயத்தில் ஆரஞ்சு நிறத்தில் வால் நீண்ட செல்கள் தெரிந்தால் ஸ்குவாமஸ் என்ற நுரையீரல் புற்றுநோய் வகையைச் சந்தேகிப்பார்கள். புகைப்பவர்களுக்குப் பெரிய மூச்சுக்குழாய்களில் வருவதும், சளியில் எளிதாக உதிர்வதும் இந்த வகைதான். தொல்லை என்னவென்றால் டி.பி., நிமோனியா, நாள்பட்ட மூச்சுக்குழாய் அழற்சி எல்லாவற்றிலும் செல்கள் கொஞ்சம் இப்படி வேஷம் போடும்.

அதற்காக அலட்சியமாகவும் விடக்கூடாது. அமெரிக்காவின் கொலராடோவில் ஜெனோ சக்கோமன்னோ என்ற மருத்துவர் யுரேனியச் சுரங்கத் தொழிலாளர்களின் சளியை வருடக்கணக்காகப் பார்த்து, லேசாக மாறிய செல்கள் படிப்படியாகப் புற்றாவதை 1970களில் எழுதி வைத்தார். ஆனால் அதே காலத்தில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வுகளில், எக்ஸ்-ரேயோடு சளிப் பரிசோதனையையும் சேர்த்ததால் இறப்பு குறையவில்லை. நுரையீரல் ஓரத்தில் இருக்கும் சின்னக் கட்டி பெரும்பாலும் சளிக்குள் செல்லை அனுப்புவதே இல்லை, அதனால் ரிப்போர்ட் சுத்தமாக வந்திருந்தாலும் நிம்மதியாகப் போய்ப் படுத்துவிட முடியாது.

எக்ஸ்-ரேயையும் நம்பி உட்கார வேண்டாம். இதயத்துக்குப் பின்னாலும் காறை எலும்புக்கு அடியிலும் இருக்கும் சின்னக் கட்டி அதில் தப்பிவிடும். இந்த வயசு, பீடி, ரத்தக் கீற்று மூன்றும் சேர்ந்திருப்பதால் இந்த வாரமே நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள். மார்புக்கு சி.டி. ஸ்கேன், தேவைப்பட்டால் பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்து சந்தேக இடத்திலிருந்து பயாப்சிக்குச் சின்னத் துணுக்கு எடுப்பார்கள். டி.பி.க்கும் சளியைச் சேர்த்தே பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம், லேபில் அந்த ஸ்லைடைக் கேட்டு வாங்குங்கள், ரிப்போர்ட் காகிதம் மட்டும் போதாது. வேறொரு பேத்தாலஜிஸ்ட் பார்க்க வேண்டியது ஸ்லைடைத்தான்.