ஜோடி எஞ்சின், ஜோடித் தலைவலி

கேள்வி: ராக்கெட்டும் ஜெட்டும் செய்த ஜெர்மனியால், இரண்டாம் உலகப் போரில் உருப்படியான ஒரு நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானத்தைக் கொண்டுவர முடியாமல் போனது ஏன்? ஹிட்லரின் குறுக்கீடுதானே காரணம்?

பதில்: எல்லாப் பழியையும் ஹிட்லர் தலையில் போடுவது, போருக்குப் பிறகு ஜெர்மன் தளபதிகளுக்கு வசதியாக இருந்தது. நமக்கு எதற்கு அது? டார்னியர் 19, யுங்கர்ஸ் 89 என்று இரண்டு நான்கு எஞ்சின் விமானங்கள் 1937-க்குள் பறந்தேவிட்டன. அவற்றைக் கைவிட்டவர் விமானப்படைத் தலைவர் கோரிங்.

அப்புறம் வந்ததுதான் ஹைன்கெல் 177. சுமார் 30 டன் எடை. அதுவும் ஸ்டூக்கா என்ற சிறிய குண்டுவீச்சு விமானத்தைப் போலத் தலைகுப்புறப் பாய்ந்து குண்டு போடவேண்டும் என்றது விமான அமைச்சகம்! பாய்ச்சலைத் தாங்க உடம்பைப் பலப்படுத்த, எடை இன்னும் ஏறியது. காற்றுத் தடையைக் குறைக்க, இரண்டிரண்டு எஞ்சின்களை ஒட்டிவைத்து ஜோடிக்கு ஒரு புரொபெல்லரைச் சுழலவிட்டார்கள். உள்ளே கை நுழைய இடமில்லை. நடுவில் கொதிக்கும் புகைக்குழாய், அடியில் சொட்டித் தேங்கும் எண்ணெய். தீப்பிடிக்காமல் என்ன செய்யும்? 1939 நவம்பரில் முதல் பறத்தலே, எஞ்சின் சூடேறி, 12 நிமிடத்தில் முடிந்தது. விமானிகள் அதற்கு ‘லைட்டர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள்.

தனித்தனியாக நான்கு எஞ்சின் வைக்கிறேன் என்று விமான நிறுவனத்தின் முதலாளி ஹைன்கெல் கேட்டார். பாய்ச்சலுக்கு ஒத்துவராது என்று மறுத்துவிட்டார்கள். 1942-இல் கோரிங், ‘இதென்ன ஒட்டுப்போட்ட எஞ்சின்’ என்று குதித்தார். அமைச்சகத்துக்கு மந்திரியே அவர்தான்! அந்த செப்டம்பரில்தான் பாய்ச்சல் நிபந்தனை நீங்கியது. விமானம் கேட்டு அதற்குள் ஆறு வருஷம்.

இதே வியாதி பிரிட்டனுக்கும் வந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவ்ரோ மான்செஸ்டர் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானத்தின் தொடக்க நிபந்தனையிலும் சாய்ந்து பாயும் குண்டுவீச்சு இருந்தது. அதைச் சீக்கிரமே கைவிட்டார்கள். அதன் 24 சிலிண்டர் வல்ச்சர் எஞ்சின் மக்கர் செய்ததும், நான்கு மெர்லின் எஞ்சின்களைப் பொருத்திப் பார்த்தார்கள். 1941 ஜனவரியில் பறந்த அந்த விமானம்தான் லங்காஸ்டர். ஏழாயிரத்துக்கும் மேல் கட்டினார்கள். எஞ்சின் சரியில்லை என்று அங்கே சொல்ல முடிந்தது, கேட்கவும் ஆள் இருந்தது.

177-இன் வழியில், நான்கு தனி எஞ்சின்களோடு வடிவமைத்த ஹைன்கெல் 274-ஐப் பாரிஸ் பக்கத்தில் கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிப்பதற்குள் ஜெர்மானியர்கள் ஓடவேண்டியதாயிற்று. 1945 டிசம்பரில் அதைப் பறக்கவிட்டவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்.