சலங்கையோடு விமானம் ஏறும் முன்
வாசகர் கேள்வி – பதில்

மாணவர் பரதநாட்டியக் குழுக்களை வெளிநாட்டு மேடைகளுக்கு அழைத்துச் செல்வது பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள்.

எங்கள் பள்ளியின் 12 மாணவியருக்கு ஐரோப்பாவில் ஒரு விழாவில் ஆட அழைப்பு வந்திருக்கிறது. நிகழ்ச்சி ஜூலையில். விசா வேலையை எப்போது தொடங்குவது?
– நடன ஆசிரியை

விசாவுக்கு முன் பாஸ்போர்ட்டுகளைப் பாருங்கள். 18 வயது ஆகாதவர்களின் பாஸ்போர்ட் பொதுவாக 5 ஆண்டுகள் அல்லது 18 வயது நிறையும் நாள், இதில் எது முந்தியோ அதுவரைதான் செல்லும். (15 வயதைக் கடந்தவர் 10 ஆண்டுக்கும் கேட்கலாம்.) பெரியவர்களின் பாஸ்போர்ட்போல 10 ஆண்டு ஓடும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருப்பார்கள். டிக்கெட் போட்ட பிறகுதான் தேதி கண்ணில் படும். ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள்), அங்கிருந்து கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கங்கள் வேண்டும். வேறு பல நாடுகள் 6 மாதம் கேட்கும். 12 பேரில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் சிக்கினாலும் நடன அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டிவரும்.

ஷெங்கன் விசாவுக்குப் பயண நாளுக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல 15 நாள். கூடுதல் ஆய்வு தேவைப்பட்டால் 45 நாள் வரை போகும். கோடையில் உண்மையான நெருக்கடி விண்ணப்ப மையத்தில் நேரம் கிடைப்பதுதான். 12 பேருக்கும் ஒரே நாளில் இடம் வேண்டும் என்றால் மார்ச் கடைசியிலேயே பதிவு செய்துவிடுங்கள். 12 வயது நிறைந்தவர்கள் கைரேகை கொடுக்க நேரில் வர வேண்டும், ஆகவே தேர்வு அட்டவணையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பல நாடுகளுக்குப் போவதாக இருந்தால், அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமானால் முதலில் நுழையும் நாடு. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும்.

பலருக்குத் தெரியாத ஒரு சலுகை உண்டு. லாப நோக்கற்ற அமைப்பின் பிரதிநிதிகளாக, அத்தகைய அமைப்பே நடத்தும் கலாசார நிகழ்ச்சிக்குச் செல்லும் 25 வயது வரை உள்ளவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் கிடையாது. (மையத்தின் சேவைக் கட்டணம் தனி.) உங்கள் பள்ளி அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகியிருந்தால், அந்தச் சான்றையும் விழாக் குழுவின் பதிவுச் சான்றையும் சேர்த்துக் கொடுத்துக் கேளுங்கள். கேட்டால்தான் கிடைக்கும்.

அழைப்புக் கடிதத்தில் ஒவ்வொரு மாணவியின் பெயர், பாஸ்போர்ட் எண், நிகழ்ச்சித் தேதிகள், அரங்கின் முகவரி, தங்குமிடம், எந்தச் செலவு யாருடையது ஆகியவை இருக்க வேண்டும். "உங்கள் குழுவை அன்புடன் அழைக்கிறோம்" என்ற ஒற்றைப் பத்திக் கடிதம் தூதரகத்தில் நிற்காது.

விழாக் குழு பங்கேற்புக் கட்டணம் கேட்கிறது. இது முறைதானா?
– பெற்றோர் ஒருவர்

நிகழ்ச்சியைப் பொறுத்தது. நாட்டார் கலை விழாக்களுக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.ஓ.எஃப்.எஃப். 1970 முதல் இயங்குகிறது. அதன் விழாக்களில் தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவற்றை விழாக் குழு ஏற்பதும், விமானச் செலவைக் கலைக் குழு ஏற்பதும் வழக்கம். நேரடி இசையையும் எதிர்பார்ப்பார்கள். கட்டணம் வாங்கும் விழாக்கள் எல்லாமே ஏமாற்று அல்ல. ஆனால் தலைக்கு ஒரு தொகை வாங்கிக்கொண்டு, பார்வையாளரே இல்லாத மண்டபத்தில் பத்து நிமிடம் ஆடவிட்டு, கேடயமும் சான்றிதழும் தருகிற சுற்றுலாக்கள் நிறைய உண்டு. சென்ற ஆண்டின் நிகழ்ச்சி நிரலையும், ஆடிவந்த இரண்டு குழுக்களின் தொடர்பையும் கேளுங்கள். தரத் தயங்குகிறவர்களுக்கு முன்பணம் அனுப்பாதீர்கள்.

எங்கள் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டில் சிலருக்கு இனிஷியல், சிலருக்கு அப்பா பெயர், ஒருத்திக்கு வெறும் பெயர் மட்டும். குழு டிக்கெட்டில் சிக்கல் வருமா?
– குழு ஒருங்கிணைப்பாளர்

வரும். நம்மவர்களுக்கு அதிகம் வருகிற சிக்கலே இதுதான். பள்ளிப் பதிவேட்டைப் பார்த்து "எஸ். பிரியா" என்று தட்டச்சு செய்து பயண முகவருக்கு அனுப்பிவிடுவார்கள், பாஸ்போர்ட்டில் அந்த "எஸ்" முழுப்பெயராக விரிந்திருக்கும். பெயர்ப்பட்டியலைப் பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி இயந்திர எழுத்தைப் பார்த்து எழுதுங்கள். பத்துப் பேருக்கு மேற்பட்ட குழுவுக்குப் பல விமான நிறுவனங்கள் முன்பணம் பெற்று இடம் ஒதுக்கி, பெயர்களைப் பிறகு வாங்கிக்கொள்ளும். அந்த அவகாசத்தைச் சரிபார்ப்புக்குப் பயன்படுத்துங்கள்.

ஒற்றைப் பெயர் மாணவிக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் விசிட் விசா பயணிகளை ஏற்பதில்லை; பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் ஏற்கலாம் என்று பின்னர் விளக்கம் வந்தது. வளைகுடாப் பயணம் திட்டத்தில் இருந்தால், குடும்பப் பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரைச் சேர்த்துப் பாஸ்போர்ட்டை மறுபதிப்பு செய்வதே நிம்மதி.

அமெரிக்காவில் சுற்றுலா விசாவில் ஆடலாமா?

தொழில்முறைக் கலைஞர் அல்லாத மாணவர்கள், ஊதியம் எதுவும் பெறாமல், பி-2 (B-2) விசாவில் கலை நிகழ்ச்சியிலோ போட்டியிலோ பங்கேற்க இடம் உண்டு. சன்மானம் பெறும் நட்டுவனாரையும் (ஜதி சொல்லி நடனத்தை நடத்துபவர்) பக்கவாத்தியக்காரர்களையும் அதே விசாவில் அழைத்துப்போகக் கூடாது. மரபுக் கலைஞர்களுக்கென்றே உள்ள பி-3 (P-3) விசாவுக்கு அங்குள்ள அமைப்பு முன்கூட்டியே மனுச் செய்து ஒப்புதல் பெற வேண்டும்.

எதைக் கையோடு எடுத்துச் செல்வது, எதைப் பெட்டியில் போடுவது?
– நடனப் பள்ளி நிர்வாகி

பெட்டி வந்து சேராவிட்டால் அங்கே எதை இரவல் வாங்க முடியாது என்று யோசித்துப் பிரியுங்கள். அளவெடுத்துத் தைத்த உடையை வாங்க முடியாது. காலுக்குப் பழகிய சலங்கையையும் முடியாது. நெற்றிச்சுட்டி, ஒட்டியாணம், ராக்கொடி, சவுரி, குஞ்சலம் ஆகியவற்றை உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தில் கேட்டால் அநேகமாகக் கிடைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு மாணவியும் ஒரு செட் உடையும் சலங்கையும் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். சலங்கை ஜோடி ஒன்று முதல் இரண்டு கிலோ, உடை ஒன்றரை கிலோ என்று வைத்தாலும் 7 கிலோவுக்குள் அடங்கும். சலங்கையைத் துணிப்பையில் சுற்றி மேலாக வையுங்கள்: மணிகளின் ஓரம் பட்டுத்துணியைக் கிழிக்கும், எக்ஸ்ரேயில் கனத்த உலோகமாகத் தெரிவதால் திறந்து காட்டவும் சொல்வார்கள். 12 பேரும் ஒவ்வொருவராகப் பையின் அடியிலிருந்து தோண்டினால் அரைமணி நேரம் போய்விடும்.

தட்டுக்கழி (தாளம் தட்டும் கோல்), கத்தரி, ஊசி ஆகியவை பெட்டியில். ஆல்தா (கை, கால்களில் பூசும் சிவப்புச் சாயம்), திரவ மை, ஃபவுண்டேஷன் கைப்பையில் இருந்தால் புட்டி ஒவ்வொன்றும் 100 மி.லி.க்குள். ஆல்தாப் புட்டி கசிந்தால் பட்டுக்கு மீட்சி இல்லை. தனி டப்பாவில் அடைத்து அதைப் பெட்டியிலேயே போடுங்கள். பவர் பேங்க் பெட்டியில் போகக் கூடாது, கைப்பையில்தான். கற்பூரம் இரண்டிலும் கூடாது.

கெம்புக்கல் நகைகள் தங்கமுலாம் பூசிய வெள்ளியாக இருந்தால், திரும்பி வரும்போது சுங்கத்தில் கேள்வி எழலாம். புறப்படும் விமான நிலையச் சுங்கப் பிரிவில் நகையைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் பெறுங்கள். பெட்டியை ஒப்படைக்கும் முன்பே செய்ய வேண்டும், இரண்டு மணி நேரம் கூடுதலாக ஒதுக்குங்கள். சாதாரண கவரிங் செட்டுக்கு ரசீது போதும். மயிலாட்டம் நிகழ்ச்சியில் இருந்தால் நிஜ மயிலிறகைக் கொண்டுபோகாதீர்கள். இந்தியாவிலிருந்து அதை வெளியே எடுத்துச் செல்லத் தடை இருக்கிறது.

மேடையில் வைக்க நடராஜர் சிலையும் குத்துவிளக்கும் கொண்டுபோகலாமா?

சிலை புதிதாக இருந்தாலும், பழமையான தோற்றம் இருந்தால் விமான நிலையத்தில் நிறுத்தப்படும். தொல்லியல் துறையிடமிருந்து "தொல்பொருள் அல்ல" என்ற சான்று வாங்கிக்கொள்ள வேண்டும். குழந்தைகளோடு போகும்போது இந்தத் தலைவலி வேண்டாம். சிலையை அங்கே இரவல் வாங்குங்கள். விளக்கு கொண்டுபோகலாம், ஆனால் பெரும்பாலான அரங்குகளில் திறந்த சுடருக்கு அனுமதி இல்லை. பேட்டரி விளக்கு வைப்பார்கள். புஷ்பாஞ்சலிக்கு உதிரிப்பூவும் வேண்டாம், வழுக்கும்.

மிருதங்கம் பயணத்தில் கெடாமல் இருக்க?
– மிருதங்க மாணவர்

சுமார் 22 முதல் 24 அங்குல நீளம் என்பதால் கைப்பை அளவான 55 செ.மீ.க்குள் அது அடங்காது. தனி இருக்கை எடுக்காவிட்டால் சரக்கில்தான் போகும். கெட்டியான ஃபைபர் பெட்டி வாங்குங்கள், துணி உறை போதாது. இடந்தலையில் (இடது முகத்தில்) ஒட்டிய ரவைப் பசையை முழுக்கச் சுரண்டி, துடைத்து, உலரவிடுங்கள். வறண்ட காற்றில் தோல் ஈரம் இழந்து இறுகும், சுருதி ஏறும், கரணையில் (வலது முகத்தின் நடுவில் உள்ள கரும்பூச்சு) வெடிப்பு விழும். கிளம்பும் முன் சுருதியைச் சற்று இறக்குங்கள். போல்ட் மிருதங்கம் என்றால் எல்லாப் போல்ட்டையும் ஒரே அளவாகத் தளர்த்துங்கள். அங்கே போனதும் உடனே தட்டிச் சேர்க்காமல், வாசிக்கப்போகும் அரங்கிலேயே சில மணி நேரம் இருக்க விடுங்கள். மாற்று வலந்தலை (வலது முகத் தோல்) ஒன்று கட்டாயம். ஆஸ்திரேலியா, நியூஸிலாந்து என்றால் தோலும் மரமும் இருப்பதை வருகைப் படிவத்தில் எழுதியே ஆக வேண்டும். மறைத்தால் அபராதம், சொன்னால் சோதித்துத் தந்துவிடுவார்கள்.

வெளிநாட்டு மேடையில் ஆடிவிட்டு வந்த பிறகு பிள்ளைகள் முன்கால் எலும்பில் வலி என்கிறார்கள். ஏன்?
– நடன ஆசிரியை

தரைதான் காரணமாக இருக்கும். அழைப்பு வந்ததும் சம்பளம், ஒளி, ஒலி எல்லாம் கேட்பார்கள்; தரையைக் கேட்பவர் குறைவு. அடவு என்பது நடனத்தின் அடிப்படை அசைவு. தட்டடவில் பாதம் முழுவதும் பதிந்து தட்டுகிறது. குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தில் எம்பி, குதிகால் இறங்குகிறது. அடியில் காற்றிடைவெளி உள்ள மரத்தளம் அந்த அதிர்ச்சியில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். சிமென்ட் மேல் ஒட்டிய வினைல் விரிப்போ ஓடுகளோ எதையும் வாங்காது, எல்லாம் முழங்காலுக்கும் முன்காலுக்கும் போகும். பள்ளி விளையாட்டரங்கம், ஹோட்டல் மண்டபம், வணிக வளாக முற்றம் ஆகிய மூன்றிலும் அநேகமாகக் கீழே கான்கிரீட்தான். "வினைலுக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று எழுத்தில் கேளுங்கள். கான்கிரீட் என்று பதில் வந்தால் மரப் பலகை மேடை கேளுங்கள். அதுவும் முடியாவிட்டால் குதிப்பு அடவுகளைக் குறைத்து, நிகழ்ச்சியின் நீண்ட பகுதியான வர்ணத்தைச் சுருக்கி, ஒத்திகையைக் கால் தட்டாமல் கையாலும் சொல்லாலும் நடத்துங்கள். ஒரே நாளில் முழு ஒத்திகையும் நிகழ்ச்சியும் கான்கிரீட்டில் நடத்துவதைப் பிள்ளைகளின் கால்களுக்குச் செய்யும் அநியாயம் என்றே சொல்வோம்.

வினைலில் இன்னொரு தொல்லை. உலர்ந்த வெறுங்கால் அதில் ஒட்டிக்கொள்ளும். சுற்று அடவில் பாதம் நிற்க, முழங்கால் திரும்பிவிடும். வியர்த்தால் அதே தரை வழுக்கும். பவுடர் தூவாதீர்கள். நுழையும் முன் பாதத்தை ஈரத்துணியில் துடைத்தால் போதும். ஆல்தாவை இரண்டு மூன்று மணி நேரம் முன்பே வைத்து உலரவிடுங்கள். வெளிர்நிற வினைலில் கறை பட்டால் சில அரங்குகள் சுத்தம் செய்யும் செலவைக் கேட்கும். ஐரோப்பாவின் பழைய அரங்குகள் சிலவற்றில் மேடை பார்வையாளர் பக்கம் சரிந்திருக்கும். அரைமண்டியில் (முழங்கால் மடித்து நிற்கும் நிலை) எடை முன்னால் தள்ளும், அதற்கென்று ஒரு மணி நேரம் பழக வேண்டும்.

குளிரில் 25 நிமிடமாவது உடலைச் சூடாக்கி, நுழையும் வரை காலுறையோடு நிற்கட்டும். எட்டுப் பேர் ஒன்றாக ஆட 8 மீட்டர் அகலம், 6 மீட்டர் ஆழம் தேவை. அதே அளவை வீட்டிலேயே நாடா ஒட்டி ஒரு மாதம் பழகுங்கள். இறங்கிய அன்றே நிகழ்ச்சி என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கம் கெட்ட உடலுக்குத்தான் கணுக்கால் பிசகும்.

பதிவிசையில் ஆடுகிறோம். காப்புரிமைச் சிக்கல் உண்டா?

பழைய நடன ஆசான்களான தஞ்சை நால்வர் இயற்றிய உருப்படிக்கு (நடனப் பாடல்) இன்று காப்புரிமை இல்லை. ஆனால் பாடிய பதிவுக்கு உண்டு. சொந்தமாகப் பதிவு செய்த இசை என்றால் பாடியவர், வாசித்தவர்களிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இசையை இரண்டு பென் டிரைவில் ஏற்றி, இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

என் மகள் முதல்முறை தனியாக வருகிறாள். அங்கே பாஸ்போர்ட் தொலைந்தால்?
– ஒரு தாய்

உள்ளூர்க் காவல் நிலையத்தில் புகார்ச் சான்று வாங்கி, இந்தியத் தூதரகத்துக்குப் போக வேண்டும். நாடு திரும்ப மட்டும் செல்லும் அவசரச் சான்றிதழை அங்கே பெறலாம். அடுத்த நாட்டுக்கு அதில் பயணம் செய்ய முடியாது. ஆகவே ஓர் ஆசிரியர் அவளோடு திரும்பவும், மற்றவர்களை இன்னொருவர் தொடர்ந்து அழைத்துச் செல்லவும் ஆள் இருக்க வேண்டும். ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், மொத்தத்தில் மூன்று பேருக்குக் குறையாமல், அதில் இருவர் பெண்கள் என்பது எங்கள் கணக்கு. பாஸ்போர்ட், விசா நகல்களும் இரண்டு புகைப்படங்களும் பொறுப்பாசிரியரிடம் இருக்கட்டும். இரு பெற்றோரும் கையெழுத்திட்டு நோட்டரி சான்று பெற்ற பயண ஒப்புதலில், அவசர சிகிச்சைக்கான அனுமதியையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள். மகள் வழக்கமாக உட்கொள்ளும் மருந்தை அதன் சொந்த அட்டையோடும் மருத்துவர் சீட்டோடும் அனுப்புங்கள். ஜப்பான் போனால் சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அங்கே அதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு.