பி0171 வந்தாலே ஆக்சிஜன் சென்சாரை மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0171 வந்தது. மைலேஜும் குறைந்திருக்கிறது. ஆக்சிஜன் சென்சாரை மாற்றச் சொல்கிறார்கள். பழுது அதில்தான் என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: இப்போதைக்கு மாற்றாதீர்கள். கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்பதுதான் பி0171. இதை ஈசியூவுக்கு (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) சொன்னதே, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு முன்னால் இருந்து புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்தான். அது சொன்னது சரியா என்று சோதிக்காமல் அதையே கழற்றிப் போடுவது வீண் செலவு.

எஞ்சின் நன்றாகச் சூடானதும் ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்து, முன் சென்சாரின் வோல்டேஜைப் பாருங்கள். சாதாரண ஜிர்கோனியா சென்சார் என்றால் 0.1க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவே ஓயாமல் ஏறி இறங்கும். உங்கள் காரில் அது கீழேயே கிடக்கலாம்; காற்று அதிகம் என்பதைச் சென்சார் அப்படித்தான் காட்டும். அப்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மிதித்து விடுங்கள். மிதிக்கும்போது 0.8க்கு மேல் தாவி, விட்டதும் பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் சென்சார் உயிரோடு இருக்கிறது. குறை வேறு இடத்தில்: வேக்குவம் ஹோஸில் விரிசல், அழுக்கேறிய காற்றளவு சென்சார், அழுத்தம் குறைந்த பெட்ரோல் பம்ப் என்று தேடுங்கள்.

எவ்வளவு மிதித்தும் வோல்டேஜ் ஏறவில்லையா? அப்போதும் பழி உடனே சென்சார் மேல் விழக்கூடாது. அதற்கு முன்னால் உள்ள எக்ஸாஸ்ட் குழாயில் சின்னக் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே புகும். சென்சார் அதையும் சேர்த்துத்தான் அளக்கும். ஈசியூ அதை நம்பி மேலும் பெட்ரோல் ஊற்றும், மைலேஜ் குறையும். உங்கள் அறிகுறிக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு பக்கம் டிக் டிக் சத்தம் கேட்கிறதா, கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளக் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வெளியே வந்து இதே மாதிரி காட்டும். கசிவும் இல்லை, மிஸ்ஃபயரும் இல்லை, வயரும் கனெக்டரும் சரி என்றால் சென்சாரை மாற்றலாம்.

பி0135 கோடும் கூடவே வந்தால் அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டர் சர்க்யூட் சம்பந்தப்பட்டது. முதலில் ஃபியூஸைப் பாருங்கள். அப்புறம் கனெக்டரைக் கழற்றி, ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு நடுவே மல்டிமீட்டரில் ஓம் அளவு எடுங்கள். பெரும்பாலும் சில ஓம்கள்தான் காட்டும். ஓப்பன் (உள்ளே இணைப்பு அறுந்தது) என்று காட்டினால் ஹீட்டர் போய்விட்டது.

ஒரு எச்சரிக்கை. பல புதிய கார்களில் முன்னால் இருப்பது, கலவையின் அளவையே துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார். அதன் வோல்டேஜ் இப்படி ஊசலாடாது, ஆகவே மேலே சொன்ன அளவுகளை வைத்து அதை எடை போடாதீர்கள். ஸ்கேனரில் லாம்டா மதிப்பைப் பாருங்கள் (1 என்றால் கலவை சரி, அதற்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்): சீரான ஓட்டத்தில் 1ஐ ஒட்டியும், மிதிக்கும்போது 1க்குக் கீழேயும் வர வேண்டும்.

மாற்றுவதாக முடிவானால், கழற்றிய பழைய சென்சாரின் முனையைக் கவனியுங்கள். கறுப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது. வெள்ளைப் படிவு சிலிக்கோன் சீலண்ட்டாலோ, எஞ்சினுக்குள் கசியும் கூலண்ட்டாலோ வரலாம். அந்த மூல காரணத்தைச் சரிசெய்யாமல் புதியதைப் பொருத்தினால் அதுவும் கெடும்.