கோடையில் ஒரே நாள்: பரிசலும் மலர்க்காட்சியும் – கேள்வி பதில்

சேலத்தில் இருக்கிறேன். இருபது வருடமாக ஒவ்வொரு மே மாதமும் சொந்தக்காரர்களையும் தெருக்காரர்களையும் வேனில் கூட்டிக்கொண்டு போய், அன்று இரவே வீடு திரும்பிவிடுவேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, காலையில் ஒகேனக்கல், சாயங்காலம் ஏற்காடு மலர்க்காட்சி என்று ஒரே நாளில் முடித்துவிடலாமா? சேலத்தில் தங்கியிருக்கிறோம்.

வண்டி ஓட்டுகிறவரைக் கேட்டால் முடியும் என்பார். பின்சீட்டில் இருக்கும் குழந்தைகளைக் கேட்டுப் பாருங்கள். சேலத்திலிருந்து தர்மபுரி வழியாக ஒகேனக்கல் போக நூறு கிலோமீட்டருக்கு மேல் ஆகும். திரும்பி வந்து, அப்புறம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் பூங்காவுக்குள் நுழையும்போதே இருட்டத் தொடங்கிவிடும். இரண்டு இடத்துக்கும் போய்வந்திருப்பீர்கள், எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளுக்கு ஒரே இடம் போதும். ஏற்காடு கிட்டே இருப்பதால், அதை இன்னொரு நாள் காலை ஆறு மணிக்குக் கிளம்பிப் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கே இறங்கிவிடலாம். கோடை விழா நாட்களில் குப்பனூர் வழியாகத்தான் இறங்கச் சொல்வார்கள். சுற்றுதான், ஆனால் அமைதியான பாதை.

பரிசலில் ஏற என் மனைவிக்குப் பயமாக இருக்கிறது. உண்மையில் அது பத்திரமானதா?

அவர் பயப்படுவதில் தப்பே இல்லை, அதைக் கேலி செய்யாதீர்கள். பரிசல் என்பது மூங்கிலை வட்டமாகப் பின்னிச் செய்த கூடை. அந்தக் காலத்தில் அடியில் தோல் கட்டினார்கள், இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். வட்டமாக இருப்பதால் அதற்கு முன், பின் என்று எதுவும் கிடையாது. பரிசல்காரர் ஒரு ஓரத்தில் இருந்துகொண்டு ஒற்றைத் துடுப்பை வலித்து இழுப்பார். எடை எல்லாப் பக்கமும் சமமாக இருக்கும்வரை அது மிக நிதானமான வண்டி. ஒருமுறை எங்கள் கூட்டத்துப் பையன் ஒருவன் படம் எடுக்க எழுந்து ஓரத்துக்குப் போனான். பரிசல் அந்தப் பக்கமே சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்தது. பரிசல்காரர் போட்ட ஒரு அதட்டலில் பொத்தென்று உட்கார்ந்தான். அன்றிலிருந்து ஏறும் முன்பே எல்லோரிடமும் சொல்லிவிடுவேன்: இறங்கும்வரை யாரும் எழக்கூடாது.

உயிர்காப்பு உடை கட்டாயம். தோளில் தொங்கவிட்டால் போதாது, முன்பக்கக் கொக்கிகளையும் மாட்டிக்கொள்ள வேண்டும். குழந்தைக்கு அளவான உடை இல்லையென்றால் அது வரும்வரை கரையிலேயே நில்லுங்கள். அனுமதிச் சீட்டு கொடுக்கும் இடத்தில்தான் ஏற வேண்டும். கொஞ்சம் தள்ளிப்போய் ஆளை அதிகம் ஏற்றிக்கொள்கிறேன் என்று யாராவது கூப்பிட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகாதீர்கள். நடு ஆற்றில் பரிசலைச் சுழற்றிக் காட்டுவார்கள். வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்கள். உங்கள் மனைவிக்கு அந்த ஒரு வார்த்தையே பாதிப் பயத்தைப் போக்கிவிடும்.

போன வருடம் ஆகஸ்டில் போனோம். பரிசல் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்போதுதான் போவது?

ஜூனில் தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்ப ஆரம்பிக்கும். அங்கே திறந்துவிடும் தண்ணீர் நேரே ஒகேனக்கலுக்குத்தான் வரும். நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் நிறுத்திவிடும். உங்கள் பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். பரிசலுக்கு ஏப்ரல், மே மாதங்கள்தான் ஏற்றவை. அருவியில் இரைச்சல் குறைவாக இருக்கும். ஆனால் பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சைத் தண்ணீரில் மெதுவாகப் போவது அப்போதுதான் கிடைக்கும். ஒகேனக்கல் என்ற பெயர் வந்த கன்னடத்தில் ‘ஹொகே’ என்றால் புகை, ‘கல்’ என்றால் பாறை. அந்தப் புகைச்சாரலைப் பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்டில் போய்க் கரையிலிருந்து பாருங்கள். எந்த மாதமானாலும், கிளம்பும் நாள் காலையில், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் விநாடிக்கு எத்தனை கன அடி வருகிறது என்று செய்தியில் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்றைய அளவைவிட வேகமாக ஏறியிருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

ஊட்டி மலர்க்காட்சிக்கு முதல் நாளே போனால் பூ புதிதாக இருக்கும் என்கிறார்களே, சார்?

பூ புதிதாகத்தான் இருக்கும். ஆனால் அன்று திறப்பு விழா, பிரமுகர்கள், காவல் எல்லாம் சேர்ந்து உங்களை வாசலிலேயே காக்க வைக்கும். இரண்டாவது, மூன்றாவது நாள், அதுவும் வார நாளாக இருந்தால் அதுதான் என் தேர்வு. கொய்மலர்களை வைத்துப் பெரிய பெரிய உருவங்கள் செய்வார்கள். அவை கடைசி நாட்களில் வாடத்தான் செய்யும். தொட்டிச் செடிகள் அப்படியல்ல, முடியும்வரை நிற்கும். மே மாதத்தில் பூக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் முன்பே விதைத்து, நாற்று வளர்த்து, தொட்டிக்கு மாற்றி, காட்சி மாடத்தில் அடுக்குகிறார்கள். அந்த வேலையை நினைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு பான்சி (pansy) பூ முன்னால்கூட ஐந்து நிமிடம் நிற்கத் தோன்றும். இந்தக் காட்சி 1896-இல் தொடங்கியது. தாவரவியல் பூங்கா அதைவிடப் பழையது, 1848-இல் மெக்ஐவர் என்பவர் பொறுப்பில் உருவானது. எல்லோரும் மாடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். மேல்பக்கம் ஏறி அந்தப் பழைய மரங்களுக்குக் கீழேயும் கொஞ்சம் உட்காருங்கள்.

கூட்டமே வேண்டாம் என்றால் குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக்காட்சிக்குப் போங்கள். அதுவும் மே மாதம்தான். 1874-இல் உருவான பூங்கா, சரிவில் இறங்கி இறங்கிப் போகும். எனக்கு ஊட்டியைவிட அதுதான் பிடிக்கும்.

இ-பாஸ் வேண்டுமா?

சொந்த வண்டி, வாடகை வண்டி என்றால் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வந்த ஏற்பாடு இது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். தேதி முடிவானதும் இணையத்தில் முதலில் இதை எடுங்கள். அரசுப் பேருந்தில் போனால் தேவையில்லை. நாலு பேர் உள்ள குடும்பத்துக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து பேருந்தையே சொல்வேன், வண்டி நிறுத்த இடம் தேடும் ஒரு மணி நேரம் மிச்சமாகும்.

மலை ரயிலையும் அதே நாளில் சேர்க்க ஆசை.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், போய்ச்சேர மதியம் ஆகிவிடும். மலர்க்காட்சிக்கு மிச்சம் என்ன இருக்கும்? குன்னூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் பிடியுங்கள். கேத்திப் பள்ளத்தாக்கு இந்தப் பகுதியில்தான் வருகிறது. செங்குத்தான ஏற்றத்துக்காகப் பற்கள் வைத்த பல்சக்கரத் தண்டவாளம் மட்டும் குன்னூருக்குக் கீழேயே முடிந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு நாள் வையுங்கள், முன்பதிவும் வெகு முன்னதாகவே செய்யுங்கள்.

மாமியாருக்கு எழுபத்தைந்து வயது, முழங்கால் வலி. அவரையும் கூட்டிக்கொண்டு படகில் போக ஏதாவது இடம் உண்டா, அண்ணா?

பிச்சாவரம் போங்கள், தங்கச்சி. சிதம்பரத்திலிருந்து பக்கம்தான். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் இடங்களுக்கு நடுவே சுரபுன்னைக் காடு. படகு அகலமானது, உட்கார்ந்தபடியே எல்லாம் பார்க்கலாம். படித்துறையிலிருந்து காலை எடுத்து வைக்கும் அந்த ஒரு இடத்தில் மட்டும் இரண்டு பேர் பிடித்துக்கொள்ளுங்கள். துடுப்புப் படகாகவே கேளுங்கள், மோட்டார் படகு குறுகலான கால்வாய்களுக்குள் போகாது. தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் எது என்று படகுக்காரரிடம் கேட்டுக்கொண்டால் மரங்களுக்கு உள்ளேயே போய்வரலாம். வேர்கள் இரண்டு பக்கமும் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும், வெயில் தரையிறங்காது. திறந்த நீர்ப்பரப்பில்தான் கத்திரி வெயில் சுடும், அதனால் காலையிலேயே ஏறிவிடுங்கள். அம்மாவுக்குத் தொப்பி பிடிக்காது என்றால் ஈரத்துண்டு ஒன்று போதும். கோயில் மதியம் நடை சாத்திவிடுவார்கள். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, சாயங்காலம் நடை திறந்ததும் நடராஜரைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள்.